ஷார்த்ர் வட்டம்: பழைய பாதை, புதிய பிரார்த்தனை

இன்னைக்கு ஒரு தரையைப் பத்திப் பேசப் போறோம். ஆமா, தரைதான்.

பாரிஸுக்குத் தென்மேற்கே ஷார்த்ர்னு ஒரு ஊர். அங்க இருக்கிற பேராலயத்தோட உள்தரையில, 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கற்களைப் பதிச்சு ஒரு வட்டம் செஞ்சாங்க. அகலம் ஏறக்குறைய 13 மீட்டர். பேருந்து ஒன்றின் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். ஆனா அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற பாதையை நேரா நீட்டினா, 260 மீட்டருக்கு மேல வரும்! இதுக்குப் பேர் லேபிரிந்த்.

இங்க ஒரு குழப்பத்தைத் தீர்த்துடுவோம். பூங்காவுல செடிவேலி வச்சு வழிதெரியாம திண்டாட வைப்பாங்களே, அது மேஸ். அதுல கிளைவழி உண்டு, முட்டுச்சந்தும் உண்டு. ஷார்த்ர் வட்டத்துல ரெண்டும் கிடையாது. ஒரே பாதை. 11 சுற்றுகளா மடிஞ்சு, மையத்துக்கு ரொம்பக் கிட்ட வந்துட்டு, திடீர்னு உங்களை ஓரத்துக்குத் தள்ளிவிடும். ஆனா நடந்துக்கிட்டே இருந்தா மையம் நிச்சயம். தொலைஞ்சு போகவே முடியாது.

சரி, இதை எதுக்குச் செஞ்சாங்க? அடிக்கடி காதுல விழுற பதில் இது: ஜெருசலேமுக்குப் போக முடியாத இடைக்கால யாத்ரீகர்கள், அதுக்குப் பதிலா இந்தப் பாதையில முழங்காலிட்டுப் போனாங்க. கேட்கவே அழகா இருக்கு இல்ல? ஆனா அதை உறுதிப்படுத்துற இடைக்கால ஆவணம் எதுவும் கிடைக்கல. 'ஜெருசலேம் பாதை' என்ற பேரே 18ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் எழுத்துல தலைகாட்டுது.

ஆவணம் வேற ஒண்ணைச் சொல்லுது. அதே பிரான்ஸ்ல ஓசேர் பேராலயம். 1396ஆம் ஆண்டுக் குறிப்பு ஒண்ணு இருக்கு. ஈஸ்டர் அன்னைக்கு, அங்கிருந்த லேபிரிந்த் மேல குருமார்கள் கைகோத்து ஆடினாங்க. தலைமைக் குரு ஆடிக்கிட்டே அவங்களோட பந்து வீசிப் பிடிச்சார். கூடவே உயிர்ப்புப் பாடலும் பாடினாங்க. முடிஞ்சதும் விருந்து! 1538ல் இந்த வழக்கத்துக்குத் தடை வந்துச்சு.

ஷார்த்ர் வட்டத்தோட மையத்துல முன்னாடி ஒரு உலோகத் தகடு இருந்தது. அதுல இருந்தது கிரேக்கக் கதை: காளைத்தலை அரக்கன் மினோட்டாரும் அவனைக் கொன்ற தெசியஸும். அரக்கனை வென்ற வீரனைப்போல மரணத்தை வென்ற கிறிஸ்து. அப்படிப் பார்த்தா, ஈஸ்டர் ஆட்டம் ஏன் லேபிரிந்த் மேல நடந்ததுன்னு புரியும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்துல, 1792ல், அந்தத் தகட்டைப் பேர்த்து எடுத்துட்டாங்க. பீரங்கிக்கு உலோகம் தேவைப்பட்டுச்சு.

மத்த ஊர்களின் கதை இன்னும் மோசம். ரான்ஸ் பேராலயத்து லேபிரிந்த்தை 1779ல் அழிச்சாங்க. குழந்தைங்க அதுமேல விளையாடி வழிபாட்டுக்கு இடைஞ்சல் பண்றாங்களாம்! அமியான் பேராலயத்தில் இருந்ததும் 19ஆம் நூற்றாண்டில் பேர்க்கப்பட்டு, அதே நூற்றாண்டின் கடைசியில் திரும்பப் போடப்பட்டது. ஷார்த்ர் தப்பிச்சது. ஆனா பிற்காலத்துல அதுக்கு மேல நாற்காலிகளை அடுக்கி வச்சிருந்தாங்க.

1991ல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தைச் சேர்ந்த பெண் குரு லாரன் ஆர்ட்ரெஸ் ஒரு குழுவோட ஷார்த்ர் வந்தார். நாற்காலிகளை நகர்த்திட்டு அந்தப் பாதையில நடந்தாங்க. ஊர் திரும்பியதும், அதே வடிவத்தைப் பெரிய துணியில வரைஞ்சு, அந்த ஆண்டுக் கடைசியிலேயே மக்களை நடக்க அழைச்சாங்க. அங்கிருந்துதான் இந்த அலை வேகம் பிடிச்சது. இன்னைக்கு மருத்துவமனை, பல்கலைக்கழக வளாகங்கள்லகூட லேபிரிந்த் இருக்கு. மனசுல ஒரு கேள்வியோட மெதுவா உள்ள போறது, மையத்துல நிக்கிறது, வந்த வழியே திரும்புறது: இந்த முறை பரவினது நம்ம காலத்துலதான்.

அப்போ இது போலியா? அப்படிச் சொல்ல முடியாது. கல் பழசு, பிரார்த்தனை புதுசு, அவ்வளவுதான். ஓசேர் குருமார்கள் சந்தோஷத்தைக் கொண்டாட ஆடினாங்க. இன்னைக்கு வர்றவங்க சத்தத்துலருந்து தப்பிக்க மௌனமா நடக்கிறாங்க. தன் தேவையைத்தான் ஒவ்வொரு தலைமுறையும் அந்தப் பாதைக்கு எடுத்துட்டு வருது. 'ஆயிரம் வருஷப் பழக்கம்'னு சொன்னாத்தான் ஒரு பிரார்த்தனைக்கு மதிப்பா, என்ன? அதுக்காக, நிஜமா ஆடினவங்களை மறந்துட்டு நடக்காத யாத்திரையை வரலாறா சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!