'ஹை வாட்டர் மார்க்' பிறந்த கதை

புதுச்சேரிக்குத் தெற்கே வீராம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் நடந்தால், மணலில் வளைந்து வளைந்து ஒரு கோடு போவது தெரியும். உடைந்த சிப்பி, பாசி, வலையிலிருந்து அறுந்த நைலான் இழை, பாட்டில் மூடி எல்லாம் வரிசையாக ஒதுங்கியிருக்கும். கோட்டுக்கு மேலே மணல் பொலபொலவென்று காய்ந்திருக்கும். கீழே ஈரத்தில் இறுகிக் கிடக்கும். கடைசி ஓதத்தில் கடல் எதுவரை ஏறியது என்பதற்கு அந்தக் குப்பைதான் சாட்சி. ஆங்கிலத்தில் அந்தக் கோட்டுக்கு 'ஹை வாட்டர் மார்க்' என்று பெயர்.

நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர் அளவுதான் வித்தியாசம். பிரிட்டனின் செவர்ன் கழிமுகத்தில் பெரிய ஓதத்தின்போது அது 14 மீட்டரை ஒட்டிப் போகும். காலையில் கப்பல் மிதந்த இடம் மத்தியானம் சேறாகக் கிடக்கும். அங்கே இந்தக் கோடு பிழைப்போடு கலந்த விஷயம். சட்டமும் அதைப் பிடித்துக்கொண்டது: ஏற்றக் கோட்டுக்கும் வற்றக் கோட்டுக்கும் நடுவிலுள்ள கரை பொதுவாக மன்னருக்குச் சொந்தம் என்றார்கள். நம் நாட்டின் 1991 கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையும் 500 மீட்டரை ஏற்றக் கோட்டிலிருந்தே அளந்தது.

மாலுமிகளும் வக்கீல்களும் புழங்கிய சொல் பிறகு புகழுக்கும் அதிகாரத்துக்கும் வந்தது. எட்டிய உச்சம், அதற்கு மேல் போகாமல் வடிந்தது, இரண்டும் சேர்ந்ததுதான் அதன் பொருள். 1863-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில், கெட்டிஸ்பர்க்கில் தென்மாநிலப் படை ஏறி வந்து முறிந்த இடத்துக்கு இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்கள் உதாரணத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே, தக்காணத்தின் சுபேதாராக (முகலாய ஆளுநராக) இருந்த நாசிர் ஜங் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்களின் ஆதரவு பெற்ற முசாபர் ஜங் தக்காணத்தின் சுபேதாரானார். புதுச்சேரியில் விழா, கவர்னர் டூப்ளே முகலாயப் பிரபுவின் உடையில் தோன்றினார். கிருஷ்ணா நதிக்குத் தெற்கே உள்ள நாட்டின் அதிகாரம் அவர் பெயருக்கு வந்தது. அதுதான் உச்சம். 1751 பிப்ரவரியில் முசாபர் ஜங் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ஆங்கிலேயர் பக்கம் இருந்த கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-இல் பிரெஞ்சுப் படை திருச்சிராப்பள்ளிப் போரில் சரணடைந்தது. 1754-இல் டூப்ளே திருப்பி அழைக்கப்பட்டார். 1763-இல் பாரிஸில் வறுமையில் இறந்தார்.

இந்த ஏற்றத்தையும் வற்றத்தையும் கூடவே இருந்து பார்த்தவர் டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளை. 1736-இல் தொடங்கித் தமிழில் நாட்குறிப்பு எழுதினார். நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாமல் எழுதியதால்தான் அதை நான் பெரிதாக மதிக்கிறேன். பின்னால் வரும் சரிவை அறிந்த சரித்திரக்காரர்களால் அப்படி எழுத முடியாது. 1761 ஜனவரியில் அவர் காலமானார். அதே மாதம் நகரம் ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. கோட்டையையும் நகரத்தையும் இடித்துத் தள்ளினார்கள்.

ஆகவே 'ஹை வாட்டர் மார்க்' என்ற சொல்லை முடிந்துபோன உச்சத்துக்கே வையுங்கள். இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் ஒரு பாடகரையோ விளையாட்டு வீரரையோ பாராட்டும்போது இதைச் சொன்னால், இனி அவருக்கு இறக்கம்தான் என்று சொன்னதாக ஆகிவிடும்.