ஒரே நகரம், இரண்டு பட்டியல்கள்: மும்பையின் பழைய கட்டடங்களும் பொது நிதியும்

2019 ஜனவரியில் மும்பையின் ஃபுளோரா நீரூற்று, மாநகராட்சியின் செலவில் சீரமைக்கப்பட்டு மீண்டும் மக்கள் பார்வைக்கு வந்தது. அதே ஆண்டில், அங்கிருந்து சில நிமிட நடைத் தொலைவில் காலா கோடாவில் நிற்கும் எஸ்பிளனேடு மேன்ஷன் பாதுகாப்பற்றதெனக் கருதப்பட்டு, அதன் வாடகைதாரர்கள் வெளியேற்றப்பட்டனர். இரண்டுமே நகரின் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. ஒன்றுக்குக் கிடைத்த பணம் மற்றொன்றுக்கு ஏன் கிடைக்கவில்லை? அதிகாரிகளின் அலட்சியம் என்பது எளிதான விடை. அதைக் காட்டிலும் நீண்ட சட்ட வரலாறு ஒன்று இக்கேள்விக்குப் பின்னால் இருக்கிறது.

எஸ்பிளனேடு மேன்ஷன் 1860-களில் வாட்சன் ஹோட்டலாகக் கட்டப்பட்டது. அதன் வார்ப்பிரும்புச் சட்டகம் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் இந்தியாவில் முதன்முதலாகக் காட்டப்பட்டது இங்கேதான். விடுதி மறைந்த பின் அறைகள் தடுக்கப்பட்டு, சிறு குடியிருப்புகளாகவும் வழக்கறிஞர் அலுவலகங்களாகவும் வாடகைக்கு விடப்பட்டன.

வாடகை என்னும் சொல்லில்தான் சிக்கல் தொடங்குகிறது. 1947-ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், வாடகையை 1940 செப்டம்பர் 1 அன்றிருந்த அளவில் நிறுத்தியது. போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் உழைக்கும் மக்கள் தெருவுக்கு வராமல் காத்த சட்டம் அது. அதன் நியாயத்தை இன்று மறுக்க இயலாது. ஆனால் விலைவாசி உயர உயர, பழுதுபார்ப்பது உரிமையாளருக்கு நட்டமாயிற்று. மழைக்காலம்தோறும் கட்டடங்கள் இடிந்து விழத் தொடங்கின. 1999-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தபோது, கணக்கிடும் அடிப்படையே மிகத் தாழ்ந்திருந்தது.

இடிபாடுகளுக்கு விடையாக வந்தது 1969-ஆம் ஆண்டின் கட்டடப் பழுதுபார்ப்பு, மறுகட்டுமான வாரியச் சட்டம். தீவு நகரின் பழைய வாடகைக் கட்டடங்கள் மீது சொத்துவரியோடு சேர்த்து 'செஸ்' எனும் தீர்வை விதிக்கப்பட்டது. அதன் சுமை பெரும்பாலும் வாடகைதாரர்மீதே விழுந்தது. அரசும் மாநகராட்சியும் தம் பங்கைச் சேர்த்தன. இந்த நிதியிலிருந்து செய்யப்படும் பழுதுபார்ப்புக்குச் சதுர மீட்டர் கணக்கில் உச்சவரம்பு உண்டு. செலவு அதைத் தாண்டினால் மிகுதியை வாடகைதாரர் ஏற்க வேண்டும். இல்லையேல் கட்டடம் பழுதுபார்க்கத் தகாததாகக் கருதப்படும். உயிரிழப்பைத் தடுப்பதே நிதியின் நோக்கம். கட்டடத்தின் கலைமதிப்பு அதன் கணக்கில் இல்லை.

1995-இல் பாரம்பரிய விதிமுறைகள் நடைமுறைக்கு வந்தன. கட்டடங்கள் மூன்று தரங்களாகப் பட்டியலிடப்பட்டன. மாற்றங்களுக்குப் பாரம்பரியக் குழுவின் ஆலோசனை வேண்டும் என்றாயிற்று. இந்திய நகரங்களில் இது முன்னோடி முயற்சி. எனினும் பட்டியலுடன் நிதி வரவில்லை. இழந்த கட்டுமான உரிமையை வேறிடத்தில் விற்றுக்கொள்ளும் வாய்ப்பே ஈடாகக் காட்டப்பட்டது. அதற்கு முன்பே, 1991-ஆம் ஆண்டு மேம்பாட்டு விதிகளின் 33(7) பிரிவு, தீர்வைக் கட்டடங்களை இடித்து உயரமாகக் கட்டுவோருக்குக் கூடுதல் தளப்பரப்பை வழங்கியிருந்தது. ஒரே விதித்தொகுப்பு ஒரு கையால் காக்கச் சொன்னது. மறு கையால் இடிப்பவருக்குப் பரிசளித்தது.

எஸ்பிளனேடு மேன்ஷன் இரண்டு பட்டியல்களிலும் இருந்தது. 2005-இல் அதன் ஒரு பகுதி இடிந்து விழுந்து உயிரிழப்பு நேர்ந்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் தன் 2006-ஆம் ஆண்டு ஆபத்துப் பட்டியலில் அதைச் சேர்த்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, மும்பை ஐ.ஐ.டி. ஆய்வு இடிப்பதே தக்கது என்றது. பாதுகாப்புப் பொறியாளர்கள் மீட்க முடியும் என்றனர். இரு தரப்பும் இரும்பின் வலிமையைப் பற்றி வாதிட்டன. உச்சவரம்புக்கு மேற்பட்ட செலவை வாடகைதாரர் ஏற்க இயலாதபோது யார் ஏற்பது என்ற கேள்வி எஞ்சி நின்றது.

நீரூற்றுக்கு இச்சிக்கல் எதுவுமில்லை. அதில் வாடகைதாரர் இல்லை, உரிமை வழக்கு இல்லை. அந்தப் பணி நன்கு செய்யப்பட்டது. அதைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் பொதுப்பணம் எளிதில் சென்றடைவது எவரும் வாழாத சின்னங்களைத்தான் என்பதை இது காட்டுகிறது. 2012-இல் பட்டியலை விரிவாக்க முற்பட்டபோது சிவாஜி பூங்கா, தாதர் பகுதி மக்கள் பலர் எதிர்த்ததும் இதனால் விளங்கும். வரலாற்றை வெறுத்தவர்கள் அல்லர் அவர்கள். பட்டியலில் சேர்ந்தால் மறுகட்டுமான வாய்ப்பு போகும், பதிலுக்குப் பழுதுபார்க்கப் பணமும் வராது என்று சரியாகவே கணித்தார்கள்.

நகர நிதியைப் பழங்கட்டடங்களுக்குச் செலவிடுவதா, குடிநீருக்கும் மருத்துவமனைக்கும் செலவிடுவதா என்று நம் விவாதங்களில் கேள்வி எழுகிறது. மும்பை வரலாறு அந்த எதிர்வையே ஐயுற வைக்கிறது. பழைய கட்டடங்களில் வாழ்வோர் அரை நூற்றாண்டாகப் பழுதுபார்ப்புக்கென்றே தீர்வை செலுத்தி வருகின்றனர். அவர்கள் கேட்பது சலுகையன்று. தாங்கள் செலுத்தியதற்கான பயன். பாரம்பரிய நிதி ஒன்று அமையுமானால், அது முதலில் செய்ய வேண்டியது இவ்விரு பட்டியல்களின் பொதுவெட்டில் உள்ள கட்டடங்களில் அந்த உச்சவரம்புக்கு மேற்பட்ட செலவை ஏற்பதுதான். முகப்புக்கு வண்ணம் பூசுவதும் விளக்கு அமைப்பதும் பிறகு வரட்டும்.

நகர வரலாறு பயிலும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாரம்பரியத்தைக் கட்டடக்கலை நூல்களில் மட்டும் தேடாதீர்கள். வாடகைச் சட்டங்களையும் தீர்வைப் பதிவேடுகளையும் புரட்டிப் பாருங்கள். ஒரு கட்டடம் ஏன் விழுந்தது என்பதற்கான சான்று பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது.