கடைசி இரயில் போனது, நிலையம் நின்றது: தஞ்சோங் பகார் காப்பாற்றப்பட்ட கதை

புக்கிட் ரோத்தான் - கிள்ளான் பக்கமிருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் ஒரு காலத்தில் இரயில் ஓடியது என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் பலர் நம்ப மாட்டார்கள். கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே போட்ட அந்தக் கிளைத் தடம் எப்போதோ போய்விட்டது. அதைப் பற்றிய நினைவும் மங்கிவிட்டது.

இரயில் நிற்பது வேறு, இரயிலின் வரலாறே அழிவது வேறு. முதலாவது நடந்த பிறகும் இரண்டாவதைத் தடுக்க முடியும் என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. அது சிங்கப்பூரில் மலாயா இரயில்வேயின் (கேடிஎம்) கடைசி நிலையமாக இருந்த தஞ்சோங் பகார்.

பால்மரம் வெட்டும் காட்சி உள்ள நிலையம்

தஞ்சோங் பகார் நிலையம் 1932 மே 2-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதன் முகப்பில் விவசாயம், வர்த்தகம், போக்குவரத்து, தொழில் ஆகிய நான்கையும் குறிக்கும் நான்கு பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. இத்தாலியச் சிற்பி ஆஞ்செலோ வன்னெட்டி செய்தவை அவை.

உள்ளே பயணிகள் காத்திருந்த பெரிய மண்டபத்தின் சுவர்களில் அக்கால மலாயாவின் வாழ்க்கை ஓவியங்களாக உள்ளன. நெல் நடவு, ஈய லம்பம், கொப்பரை, மாட்டு வண்டி, கப்பல் ஆகியவற்றோடு பால்மரம் வெட்டும் காட்சியும் அங்கே இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது வேற்று ஊர்ப் படமாகத் தெரியாது.

கம்பிச்சடக்கு போடுவதிலும் பராமரிப்பதிலும் தமிழர்களின் உழைப்பு நிறைய உண்டு. நிலைய அதிகாரிகளாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர்கள் பலர் பணியாற்றினர். தடத்தில் வேலை செய்தவர்களில் பெரும் பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். சிங்கப்பூர் குவீன்ஸ்டவுனில் இரயில் பாதையோரம் இரயில்வே ஊழியர்கள் 1932-இல் எழுப்பிய சிறு வழிபாட்டிடம்தான், இன்று காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் ஆலயம்.

கிடைத்த காலம் 13 மாதம்

சிங்கப்பூரில் இருந்த கேடிஎம் நிலம் குறித்து 1990-இல் இரு நாடுகளும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. ஆனால் அதன் பொருள் பற்றிய கருத்து வேறுபாடு இருபது ஆண்டுகள் இழுத்தது. 2010 மே 24-ஆம் நாள் பிரதமர் டத்தோஸ்ரீ நஜிப்பும் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியன் லூங்கும் முடிவு எட்டினர். 2011 ஜூலை 1-க்குள் இரயில் முனையம் உட்லண்ட்ஸுக்கு மாற வேண்டும் என்பது அந்த முடிவு.

மூடுவிழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. இரயிலைத் தொடர்ந்து ஓட்டச் சொல்லிப் பயனில்லை. எனவே, எவற்றைக் காப்பாற்றலாம் என்பதில் மக்கள் கவனம் செலுத்தினர். சிங்கப்பூர் இயற்கைக் கழகம் 2010 அக்டோபரில் ஒரு திட்ட முன்மொழிவை அரசிடம் வைத்தது. இரயில் நிலத்தைத் துண்டு போட்டு விற்காமல் தொடர்ச்சியான பசுமைப் பாதையாக வைத்திருக்கலாம் என்று அது காரணங்களோடு கூறியது. இரயில் ஆர்வலர்களும் வரலாற்று ஆர்வலர்களும் படம் எடுத்தார்கள், எழுதினார்கள், மக்களை அழைத்துக்கொண்டு தடத்தோரம் நடந்தார்கள்.

பலன் கிடைத்தது. 2011 ஏப்ரல் 9-ஆம் நாள், இரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, தஞ்சோங் பகார் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதம் புக்கிட் தீமா நிலையமும் பாதுகாக்கப்பட்ட கட்டடமானது. ஜூன் 30 இரவு கடைசி இரயிலை ஜொகூர் சுல்தான் இப்ராஹிம் ஓட்டிச் சென்றபோது, கட்டடங்களுக்கான சட்டப் பாதுகாப்பு கையில் இருந்தது.

காப்பாற்றியதும் இழந்ததும்

எல்லாமே மிஞ்சிவிடவில்லை. தண்டவாளங்களில் பெரும்பகுதி கழற்றப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. புக்கிட் தீமா நிலையத்தருகே சிறு பகுதியும், சாலைக்கு மேல் செல்லும் இரும்புப் பாலங்களும் விட்டுவைக்கப்பட்டன. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தடம் நடைபாதையாகியுள்ளது. புக்கிட் தீமா நிலையம் சீரமைக்கப்பட்டு 2022 ஜூலையில் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே இப்போது ஒரு மரபுக் காட்சிக்கூடம் உண்டு.

அந்தச் சிறு நிலையத்துக்கு ஒரு தனிச் சிறப்பு இருந்தது. ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே இரண்டு இரயில்கள் வந்துவிடக் கூடாது. அதற்காக நிலைய அதிகாரி இரயில் ஓட்டுநரிடம் ஒரு சாவியை வளையத்தில் மாட்டிக் கொடுப்பார். அந்தச் சாவி கையில் இருப்பவர் மட்டுமே அடுத்த நிலையம் வரை போகலாம். ஒரு சாவி வெளியே இருக்கும்வரை இயந்திரம் இன்னொன்றை விடாது. இந்த முறை அங்கே 2011 வரை நடப்பில் இருந்தது. இன்று அதை விளக்க வேண்டுமானால் அந்த வளையம் வேண்டும், படம் வேண்டும், அந்த வேலையைச் செய்தவரின் வாய்மொழியும் வேண்டும்.

இங்கேதான் நமக்கான பாடம் உள்ளது. கட்டடத்தைச் சட்டம் காக்கும். அதற்குள் உழைத்தவர்களின் கதையைக் குடும்பங்கள்தாம் காக்க வேண்டும். பிரிக்ஃபீல்ட்ஸில் இரயில்வே ஊழியர்கள் உள்ளிட்டோர் வாழ்ந்த ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வரிசை வீடுகள் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கு வாழ்ந்தவர்களின் படமும் பேச்சும் எந்த அளவு சேகரிக்கப்பட்டனவோ, அந்த அளவுதான் அந்த இடத்தின் வரலாறு மிஞ்சும்.

நாம் செய்யக்கூடியவை

வீட்டுப் பெட்டியில் தாத்தாவின் இரயில்வே அடையாள அட்டை, கைவிளக்கு, சீருடைப் பொத்தான், சம்பளச் சீட்டு, பழைய படம் எதுவாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டாம். படத்தின் பின்புறம் பெயர், ஊர், ஆண்டு, செய்த வேலை ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வையுங்கள். பெரியவர்களைப் பேச வைத்துக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதானால் அது இரவலா, நன்கொடையா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் தேசிய பாரம்பரியச் சட்டம் 2005 (சட்டம் 645) நடப்பில் உள்ளது. ஒன்றைத் தேசியப் பாரம்பரியமாக அறிவிக்கும்படி பொதுமக்களும் முன்மொழியலாம். நிலம் மாநில அரசின் அதிகாரத்தில் வருவதால், மாநில அரசையும் ஆரம்பத்திலேயே அணுகுவது நல்லது. காட்சிக்கூடமோ பழைய நிலையமோ மூடப்படலாம் என்ற செய்தி வந்தால், வருத்தப்பட்டு எழுதும் கடிதத்தைவிட மூன்று விவரங்கள் அடங்கிய கடிதம் வலுவானது: அங்கே என்ன இருக்கிறது, அது ஏன் வேறெங்கும் கிடைக்காது, மூடாமல் அதை எப்படிப் பயன்படுத்தலாம்.

தஞ்சோங் பகாருக்கு 13 மாதம் இருந்தது. பழைய தடத்தையும் தோட்டத்தையும் நேரில் கண்ட நம் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்ய நமக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று யாரும் நாள் குறித்துத் தரப் போவதில்லை.