படச்சுருள் வருடி

படச்சுருள் வருடி என்பது, கழுவப்பட்ட ஒளிப்படச் சுருளில் உள்ள படிமத்தை எண்ணிமக் கோப்பாக மாற்றும் கருவி ஆகும். நெகட்டிவ் எனப்படும் எதிர்ப்படிமச் சுருளையும், ஸ்லைடு எனப்படும் நேர்ப்படிமத்தையும் இதன் மூலம் வருடலாம். தாளில் உள்ள படத்தை வருடும்போது ஒளி தாளில் பட்டுத் திரும்புகிறது. படச்சுருள் வருடியிலோ ஒளி சுருளை ஊடுருவிச் சென்று ஒளியுணரியை அடைகிறது.

நெகட்டிவே மூலம், தாளில் அச்சிட்ட படம் அதன் படி மட்டுமே. வண்ணச் சுருளின் சாயங்கள் காலப்போக்கில் மங்குகின்றன. அசிட்டேட்டு அடித்தளம் கொண்ட சுருள்கள் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் சிதைகின்றன. எனவே பழைய சுருள்களை உரிய காலத்தில் வருடி வைப்பது ஒரு பாதுகாப்பு முறையாகக் கருதப்படுகிறது.

வகைகள்

* தனிப் படச்சுருள் வருடி: படச்சுருளுக்கென்றே வடிவமைக்கப்பட்டது. பெரும்பாலானவை 35 மி.மீ. சுருளை மட்டுமே ஏற்கும். நிக்கான் கூல்ஸ்கேன் 9000 போன்ற சில, நடுத்தர அளவுச் சுருளையும் ஏற்கும்.
* தட்டை வருடி: மூடியில் ஒளிமூலம் கொண்டவை சுருளையும் வருடும். பெரிய நெகட்டிவ்களுக்கு ஏற்றது, 35 மி.மீ. சுருளில் நுண்விவரங்கள் குறையும்.
* உருளை வருடி: அச்சுத்துறையில் பயன்பட்ட, உயர்தரமும் உயர்விலையும் கொண்ட கருவி.

பிரிதிறன்

பிரிதிறன், அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள் என அளக்கப்படுகிறது. 35 மி.மீ. சுருளில் ஒரு படத்தின் அளவு 24 × 36 மி.மீ. ஆகும். இதனை 4000 புள்ளிகளில் வருடினால் ஏறத்தாழ 3780 × 5669 படவணுக்கள், அதாவது 2 கோடியே 14 இலட்சம் படவணுக்கள் கிடைக்கும். நிறம் ஒன்றுக்கு 16 பிட்டு வீதம் சேமித்தால் ஒரு கோப்பு சுமார் 128 மெகாபைட்டு ஆகும்.

பெட்டியின் மீது அச்சிடப்படும் எண், ஒளியுணரி எடுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையே ஆகும். வில்லையின் தரமும் குவியமும் அதற்கு ஈடுகொடுக்காவிடில் கோப்பு பெரிதாகுமே அன்றி விவரம் கூடாது. ஆகவே இவ்வெண்ணை மட்டும் கொண்டு கருவிகளை ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். சுருண்ட சுருளைத் தட்டையாகப் பிடிக்கும் தாங்கியும் தெளிவைத் தீர்மானிக்கிறது.

ஒளியடர்த்தி

ஒளியடர்த்தி மடக்கை அளவுகோலில் குறிக்கப்படுகிறது. அடர்த்தி 3.0 எனில் ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கும், 4.0 எனில் பத்தாயிரத்தில் ஒரு பங்கும் மட்டுமே ஊடுருவும். ஸ்லைடுகளின் நிழற்பகுதிகள் மிகுந்த அடர்த்தி உடையவை. வண்ண நெகட்டிவ்களின் அடர்த்தி வீச்சு இதனினும் குறைவு. எனவே ஸ்லைடு வைத்திருப்போருக்கே இப்பண்பு மிகவும் முக்கியமானது.

தூசு நீக்கம்

பல வருடிகள் அகச்சிவப்புக் கதிரைக் கொண்டு தூசையும் கீறலையும் கண்டறிகின்றன. 'டிஜிட்டல் ஐஸ்' இத்தகைய தொழில்நுட்பமாகும். வண்ணச் சாயங்கள் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதில்லை; தூசு தடுக்கிறது. இவ்வேறுபாட்டிலிருந்து தூசு உள்ள இடங்கள் அறியப்பட்டு, மென்பொருளால் நிரப்பப்படுகின்றன.

வழமையான கறுப்பு-வெள்ளைச் சுருளில் படிமம் வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்புக் கதிரைத் தடுப்பதால், படிமமே தூசு எனக் கொள்ளப்பட்டு படம் சிதையும். எனவே கறுப்பு-வெள்ளைச் சுருள்களை மட்டும் வருட விரும்புவோர் இவ்வசதிக்காகக் கூடுதல் விலை கொடுக்கத் தேவையில்லை. சாயத்தால் படிமம் உருவாகும் இல்ஃபோர்ட் எக்ஸ்பி2 போன்ற சுருள்கள் இதற்கு விதிவிலக்கு.

வேகமும் மென்பொருளும்

ஒரு படத்துக்கு 5 நிமிடம் எனக் கொண்டால், 36 படங்கள் கொண்ட ஒரு சுருளுக்கு 3 மணி நேரமும், 100 சுருள்களுக்கு 300 மணி நேரமும் தேவைப்படும். தாங்கியைக் கையால் நகர்த்தும் வருடி சில சுருள்களுக்குப் போதுமானது. பெருந்தொகுப்புக்குச் சுருளைத் தானாக நகர்த்தும் வருடியே ஏற்றது.

மினோல்டா டிமாஜ் ஸ்கேன் எலைட் 5400 2003 ஆம் ஆண்டில் வெளிவந்தது. கொனிக்கா மினோல்டா ஒளிப்படக் கருவித் துறையிலிருந்து விலகுவதாக 2006 இல் அறிவித்தது. பின்னர் நிக்கானும் படச்சுருள் வருடிகளின் உற்பத்தியை நிறுத்தியது. இவை பயன்படுத்தியவர்களிடமிருந்தே பெறப்படுகின்றன. வாங்குமுன், ஸ்கசி அல்லது ஃபயர்வயர் இணைப்பு தம் கணினியில் உள்ளதா என்பதையும், இயக்கு தளத்துக்கேற்ற மென்பொருள் உள்ளதா என்பதையும் அறிதல் வேண்டும். வியூஸ்கேன், சில்வர்ஃபாஸ்ட் ஆகிய மென்பொருள்கள் பல பழைய வருடிகளை இயக்கவல்லவை.

வருடிய பின்

எண்ணிமக் கோப்புகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் சேமித்தல் வேண்டும். கோப்பு கிடைத்துவிட்டது என்பதற்காக நெகட்டிவை எறிந்துவிடலாகாது. கோப்பு பழுதுபட்டாலோ, மேலும் சிறந்த கருவி கிடைத்தாலோ, மீண்டும் வருடுவதற்கு மூலச் சுருள் ஒன்றே துணையாகும்.

இவற்றையும் பார்க்க

* வருடி
* ஒளிப்படவியல்
* படிமச் செயலாக்கம்