பழைய லேண்ட் ரோவருக்குப் புதிய கார்புரேட்டர்: மாற்றும் முன்னும் பின்னும் கவனிக்க வேண்டியவை

கேமரன் மலைக் காய்கறித் தோட்டங்களில் பழைய லேண்ட் ரோவர்கள் இன்னும் ஓய்வு பெறவில்லை. முட்டைக்கோஸும் தக்காளியும் நிறைந்த கூடைகளை ஏற்றிக்கொண்டு, மழையில் வழுக்கும் செங்குத்தான மண் பாதைகளில் அவை இன்றும் ஓடுகின்றன. அந்த வண்டி ஒரு நாள் நின்றால், அன்று பறித்த காய்கறி தோட்டத்திலேயே கிடக்கும்.

இந்த வண்டிகளைப் பற்றி அடிக்கடி எழும் புகார்கள் நான்கு. கரும்புகை வருகிறது, பெட்ரோல் அதிகம் குடிக்கிறது, காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, மேட்டில் ஏறும்போது திணறி நின்றுவிடுகிறது. உடனே பலரும் சொல்லும் தீர்ப்பு, “கார்புரேட்டர் போய்விட்டது, மாற்றிவிடுங்கள்” என்பதுதான்.

கார்புரேட்டரை மாற்றுவது அரை நாள் வேலை. பழுது உண்மையிலேயே அங்குதான் இருக்கிறதா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். மாற்றிய பிறகு பெட்ரோலும் காற்றும் கசியாமல் பார்க்க வேண்டும். வண்டி எந்த உயரத்தில் ஓடுகிறதோ அங்கேயே அதைச் சரிப்படுத்த வேண்டும். இந்த மூன்றையும் விட்டுவிட்டால், புதிய கார்புரேட்டருக்குக் கொடுத்த பணம் வீண்தான்.

1958 முதல் 1985 வரை வெளிவந்த சீரிஸ் 2, 2ஏ, 3 வண்டிகளில் 2.25 லிட்டர் பெட்ரோல் என்ஜின் பொருத்தப்பட்டவற்றுக்கு இந்தக் குறிப்புகள் பொருந்தும். டீசல் என்ஜின் வண்டிகளுக்குக் கார்புரேட்டர் கிடையாது.

கார்புரேட்டர் என்ன செய்கிறது?

என்ஜின் உள்ளிழுக்கும் காற்றில் சரியான அளவு பெட்ரோலைக் கலந்து அனுப்புவதே இதன் வேலை. ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. கார்புரேட்டரின் தொண்டை ஓரிடத்தில் குறுகியிருக்கும். அங்கே காற்றின் வேகம் கூடி அழுத்தம் குறைவதால், ஜெட் எனப்படும் சிறு துளை வழியாகப் பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது.

பக்கத்தில் ஒரு சிறிய தொட்டி உண்டு. அதில் மிதக்கும் ஃப்ளோட், பெட்ரோல் மட்டம் ஏறியதும் ஊசி வால்வை மூடிவிடும். மேடு பள்ளங்களில் சாய்ந்தபடி ஓடும் வண்டிக்கு இந்த மட்டம் மிக முக்கியம். மட்டம் கூடினால் சரிவில் பெட்ரோல் தொண்டைக்குள் வழியும். குறைந்தால் ஏற்றத்தில் என்ஜின் பெட்ரோல் இல்லாமல் திணறும்.

எந்த கார்புரேட்டர் இருக்கிறது?

தொடக்க கால வண்டிகளில் சோலெக்ஸ் கார்புரேட்டர் இருந்தது. 1960-களின் பிற்பகுதியிலிருந்து ஜெனித் 36 ஐவி வந்தது. ஜெனித்தில் ஒரு தெரிந்த குறை உண்டு. நாளடைவில் அதன் மேல்மூடியும் அதற்குக் கீழ் அமரும் பாகமும் சேரும் முகம் வெப்பத்தில் வளைந்துவிடும். உள்ளே இருக்கும் ரப்பர் வளையமும் இறுகிவிடும். அதன் பிறகு, ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோதும் பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருக்கும். கரும்புகைக்கு இது ஒரு முக்கியக் காரணம். வளைவு சிறிதாக இருந்தால் அந்த முகத்தைச் சமப்படுத்தி, வளையத்தையும் கேஸ்கெட்டையும் மாற்றினாலே போதும்.

மாற்றாகப் பலர் பொருத்துவது வெபர் 34 ஐசிஎச். அமைப்பு எளிமையானது, பெட்ரோலும் சிக்கனமாகும். ஆனால் உயர் வேகத்தில் இழுவை ஜெனித்தைவிடச் சற்றுக் குறையலாம். பாரம் ஏற்றி மேடு ஏறும் வண்டியின் உரிமையாளர் இதைத் தெரிந்தே முடிவு செய்ய வேண்டும். வாங்கும்போது அடித்தகடு, கேஸ்கெட்டுகள், காற்றுக் குழாய்க்கான வளைவு, இணைப்புத் துண்டுகள் எல்லாம் பெட்டியில் இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள். திராட்டில் தண்டைப் பிடித்து அசைத்தால் ஆட்டம் இருக்கக்கூடாது.

வாங்கும் முன் ஆறு சோதனைகள்

கார்புரேட்டர் மீது சுமத்தப்படும் பழி பல நேரங்களில் வேறு பாகங்களுக்கு உரியது. இவற்றை வரிசையாகப் பாருங்கள்.

1. ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.75 முதல் 0.8 மி.மீ. இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.4 மி.மீ. இருக்க வேண்டும்.

2. வால்வு இடைவெளி 0.25 மி.மீ. ஒரு வால்வு சரியாக மூடாவிட்டால் எந்த கார்புரேட்டராலும் என்ஜினைச் சீராக ஓடவைக்க முடியாது.

3. டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்யூம் குழாயை வாயால் உறிஞ்சிப் பாருங்கள். காற்று தங்குதடையின்றி வந்தால் உள்ளே உள்ள சவ்வு கிழிந்திருக்கிறது.

4. எண்ணெய் ஊற்றிய காற்றுச் சுத்திகரிப்பானைத் திறந்து பாருங்கள். சேறும் தூசியும் சேர்ந்து அடைத்திருந்தால், சோக் இழுத்துவிட்டதைப் போல எப்போதும் புகை வரும்.

5. பெட்ரோல் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் துருவோ தண்ணீரோ தெரிகிறதா? தெரிந்தால் குற்றவாளி பெட்ரோல் டாங்க். அதைச் சுத்தம் செய்யாமல் புதிய கார்புரேட்டர் போட்டால், அதே துரு புதிய ஜெட்டையும் அடைக்கும்.

6. மேனிஃபோல்ட் கேஸ்கெட்டும் அதன் நட்டுகளும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், பழைய கார்புரேட்டரின் திராட்டில் தண்டு ஆடினாலோ, உடலில் விரிசல் இருந்தாலோ, முகம் சமப்படுத்த முடியாத அளவு வளைந்திருந்தாலோ, அப்போது மாற்றுவதே நல்லது.

தொடங்கும் முன்: தீ

இந்த என்ஜினில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒட்டியே இருக்கின்றன. கார்புரேட்டரிலிருந்து சொட்டும் பெட்ரோல் நேராகச் சூடான இரும்பில் விழும். ஆகவே என்ஜின் முழுமையாகக் குளிர்ந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

வெட்டவெளியில் அல்லது காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து தூரத்தில் உள்ள நெருப்பைத் தொடும். சிகரெட், சாம்பிராணி, விளக்கு எதுவும் அருகில் வேண்டாம். உலர்பொடித் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக்கூடாது.

பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றுங்கள். 1967-க்கு முந்திய வண்டிகளில் பொதுவாகப் பிளஸ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். பழக்கத்தில் மைனஸ் முனையில் கை வைக்காமல், எந்தக் கம்பி பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள்.

பழையதைக் கழற்றுதல்

முதலில் கைப்பேசியில் நான்கு பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு காற்றுக் குழாய், பெட்ரோல் குழாய், வேக்யூம் குழாய், சோக் கேபிள், ஆக்ஸிலேட்டர் கம்பி இணைப்பு என்ற வரிசையில் விடுவியுங்கள். பெட்ரோல் குழாயிலிருந்து வடிவதை ஒரு சிறு டின்னில் பிடித்து, குழாயின் வாயை அடையுங்கள்.

அடிப்பகுதி நட்டுகளைக் கழற்றிக் கார்புரேட்டரை நேராக மேலே தூக்குங்கள். உடனே மேனிஃபோல்ட் வாயைச் சுத்தமான துணியால் மூடிவிடுங்கள். அதற்குள் விழும் ஒரு வாஷர் என்ஜினையே பழுதாக்கிவிடும். பழைய கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டி எடுத்து, நேரான இரும்பு அளவுகோலை வைத்து அந்த முகம் சமமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

புதியதைப் பொருத்துதல்

ஜெனித்துக்குப் பதில் ஜெனித் என்றால் அதே இடத்தில் அமரும். வெபர் என்றால் இடையில் அடித்தகடு தேவை. தகட்டின் கீழும் மேலும் புதிய கேஸ்கெட் வையுங்கள். தகட்டைப் பிடிக்கும் திருகுகளின் தலை மேலே துருத்தாமல் தகட்டோடு சமமாக அமர வேண்டும். துருத்தினால் கார்புரேட்டர் சரியாக உட்காராது. இடைவெளியில் காற்று புகும்.

நட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதும் இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக்கூடாது. கார்புரேட்டரின் உடல் மெல்லிய உலோகம். பலம் காட்டி இறுக்கினால் புதிய கார்புரேட்டரும் முதல் நாளே வளைந்துவிடும்.

இணைப்புகளில் இவை முக்கியம்.

ஆக்ஸிலேட்டர்: ஒருவர் மிதியை முழுதும் அழுத்த, மற்றொருவர் தொண்டைக்குள் பார்க்க வேண்டும். திராட்டில் தகடு முழுதாகத் திறக்க வேண்டும். காலை எடுத்ததும் தானாகப் படீரென்று மூட வேண்டும். கேஸ்கெட்டிலோ அடித்தகட்டிலோ உரசித் திறந்தபடி நின்றால், மலை இறக்கத்தில் அது உயிரைப் பறிக்கும். இந்தச் சோதனை முடியாமல் என்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சோக்: குமிழை உள்ளே தள்ளிய நிலையில் கேபிளில் சற்றுத் தளர்வு இருக்கட்டும். சோக் தகடு முழுதும் திறந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் குழாய்: பெட்ரோலுக்கென்றே தயாரிக்கப்பட்ட புதிய குழாயும் கிளிப்பும் போடுங்கள். தண்ணீர்க் குழாய் சில வாரங்களில் ஊறி வெடிக்கும். யாராவது முன்பு மின்சாரப் பம்ப் மாட்டியிருந்தால், அதன் அழுத்தம் அதிகமாகி ஊசி வால்வைத் தள்ளித் திறக்கலாம். அப்போது அழுத்தத்தைக் குறைக்கும் கருவி தேவை.

பயன்படாத வேக்யூம் துளை எதுவும் திறந்திருக்கக்கூடாது.

முதல் ஸ்டார்ட்

பேட்டரியை இணைக்கும் முன், பெட்ரோல் பம்பில் உள்ள கைப்பிடியை அடித்துத் தொட்டியை நிரப்புங்கள். கைப்பிடி தளர்வாக ஆடினால் என்ஜினைக் கையால் சிறிது சுற்றிவிட்டு மறுபடி அடியுங்கள். ஐந்து நிமிடம் காத்திருந்து ஒவ்வோர் இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

கசிவு இல்லை என்று உறுதியான பிறகே பேட்டரியை இணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். என்ஜின் ஓடும்போது கார்புரேட்டரின் அடிப்பகுதியைச் சுற்றித் தண்ணீரை மெல்லத் தெளியுங்கள். ஸ்பார்க் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் படவேண்டாம். என்ஜின் சத்தம் மாறினால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. இதற்கு எரியக்கூடிய ஸ்பிரேக்களைச் சூடான என்ஜின் மீது அடிக்க வேண்டாம்.

டியூனிங்: வண்டி ஓடும் உயரத்தில்

கலவைத் திருகை மெல்ல உள்ளே முடியும்வரை திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்துத் தொடங்குங்கள். என்ஜின் நன்றாகச் சூடாகட்டும். சோக் முழுதும் உள்ளே இருக்கட்டும். பிறகு திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருகி என்ஜின் தடுமாறும் இடத்தையும், வெளியே திருகி மீண்டும் தடுமாறும் இடத்தையும் கண்டுபிடியுங்கள். இரண்டுக்கும் இடையே மிகச் சீராக ஓடும் இடமே சரியான இடம். பிறகு ஐடிலிங் திருகால் வேகத்தைக் குறையுங்கள். முன்விளக்கைப் போட்டாலும் என்ஜின் நின்றுவிடக்கூடாது. சர்வோ பிரேக் உள்ள வண்டியில், இறக்கத்தில் என்ஜின் நின்றால் பிரேக் சீக்கிரமே கல்லாக இறுகிவிடும்.

தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவு. தாப்பாவிலோ ஈப்போவிலோ கச்சிதமாக டியூன் செய்த வண்டி, அதே ஜெட்டோடு மேலே வந்தால் காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடும். புகை வரும், இழுவை குறையும். பழுது எதுவும் இல்லாமலே மறுபடியும் கார்புரேட்டர் மீது பழி விழும்.

மலையில் மட்டும் ஓடும் வண்டியை மலையிலேயே டியூன் செய்யுங்கள். அப்படியும் புகைத்தால் ஒரு படி சிறிய மெயின் ஜெட் போடலாம். வெபர் ஜெட்டில் உள்ள எண் துளையின் அளவைச் சொல்லும். 130 என்றால் 1.30 மி.மீ. ஆனால் அடிக்கடி சமவெளிக்கு இறங்கும் வண்டிக்கு ஜெட்டைக் குறைப்பது ஆபத்து. கீழே காற்று மிகுந்து, என்ஜின் சூடேறி, வால்வு கருகும்.

முதல் வாரம்

இரண்டு மூன்று நாள் ஓடிய பின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் என்றால் கலவை சரி. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம்; வெளுத்திருந்தால் குறைவு. புதிய கேஸ்கெட் அமுங்கியிருக்கும் என்பதால், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அடிப்பகுதி நட்டுகளை மீண்டும் மெல்ல இறுக்குங்கள். பெட்ரோல் கிளிப்புகளையும் பாருங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் “பழைய வண்டி அப்படித்தான்” என்று விட்டுவிடக்கூடாது. வாடை வருமிடத்தைக் கண்டுபிடிக்கும் வரை வண்டியை எடுக்காதீர்கள்.

கழற்றிய பழைய கார்புரேட்டரை இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். அதன் ஜெட், இணைப்புக் கம்பி, திருகு ஒவ்வொன்றும் தேடும்போது எளிதில் கிடைக்காதவை. துடைத்து, எண்ணெய் பூசி, ஒரு டின்னில் போட்டு வையுங்கள். அறுபது ஆண்டு ஓடிய வண்டிக்கு என்றாவது ஒரு நாள் அது மீண்டும் தேவைப்படலாம்.