சிலாபக் கரையும் இணையச் செய்தியும்

புத்தளம் மாவட்டக் கரையோரம் பல சமயத்தார் நெடுங்காலம் கலந்து வாழ்ந்த நிலமாகும். முன்னேஸ்வரத்திற் சிங்களப் பௌத்தரும் வழிபடுவர். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையுள்ள கத்தோலிக்க மீனவர் பலர் ஒரு காலத்தில் வீட்டிலே தமிழ் பேசியவர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பாடசாலை மொழி சிங்களமாகியதோடு இளந்தலைமுறையினர் பலர் அதனை இழந்தனர். அயலவனோடு அவன் மொழியிற் பேசும் வாய்ப்பு இங்ஙனம் சுருங்கிய பின்னரே இணையம் இக்கரையை அடைந்தது என்பது நோக்கற்பாலது.

வதந்தி இந்நாட்டுக்குப் புதியதன்று. 1915 மே இறுதியிற் கண்டியில் மூண்ட சிங்கள முஸ்லிம் கலவரம் சில நாள்களுள் வடமேல் மாகாணத்துக்கும் பரவியது. வதந்தியும் கூட்டமும் அன்று புகையிரதத்திற் சென்றன. ஆயின், வதந்தியைச் சுமந்து வந்தவனுக்கு ஒரு முகம் இருந்தது; கேட்டவன் அவனை மறித்து வினவியிருக்கலாம்.

2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின், மே 12ஆம் திகதி சிலாபத்தில் நிகழ்ந்தது வேறு. முகநூல் வாக்குவாதமொன்றில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர், அதிகம் சிரிக்க வேண்டாம், ஒரு நாள் அழ நேரும் என்னும் பொருளில் ஆங்கிலத்தில் மறுமொழி எழுதினார். அது மற்றுமொரு தாக்குதலுக்கான முன்னறிவித்தலாகக் கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் கல்லெறிக்கு உள்ளாயின; ஊரடங்கு பிறந்தது. கடை அவ்வூரிலேயே இருந்தும், எவரும் சென்று பொருள் கேட்டதாகத் தெரியவில்லை. மறுநாள் அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. எனினும் அன்றே கலவரம் குருநாகல், கம்பஹா மாவட்டங்களையும் பற்றியது; புத்தளம் மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் முஸ்லிம் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2018ஆம் ஆண்டுக் கண்டிக் கலவரத்தில் தன் தளத்துக்கிருந்த பங்கிற்காக முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவித்ததோ 2020 மே மாதத்திலேதான்.

இதுகொண்டு இணையத் தொடர்பைத் தீதென ஒதுக்குதல் பொருந்தாது. கொழும்பின் குப்பையைப் புத்தளத்துக்கு வடக்கேயுள்ள அருவக்காலுச் சுண்ணாம்புக்கல் அகழ்விடத்திற் கொட்டும் திட்டத்தை எதிர்த்து, 2018 செப்டெம்பர் இறுதி முதல் புத்தளத்திலே தொடர் சத்தியாக்கிரகம் நடைபெற்றது. முஸ்லிம்களும் சிங்களவரும் தமிழரும் அதிற் பங்குகொண்டனர். அதன் செய்தியும் படங்களும் அதே முகநூலிற் பரவின. எனினும் இணையம் அழைப்பை மட்டுமே கொண்டு சென்றது. அழைத்தவரை அழைக்கப்பட்டவர் பந்தலில் நேரிற் கண்டு பேச முடிந்தது. சிலாபத்தில் இல்லாதிருந்தது இதுவே எனலாம். போராட்டம் திட்டத்தைத் தடுத்துவிடவில்லை. 2019 ஆகஸ்டிற் கொழும்பின் குப்பை அருவக்காலுவுக்கு வரத் தொடங்கியது.