இரண்டே ஆண்டில் திருத்தப்பட்ட தேர்தல் விதி: உத்திரமேரூரின் குடவோலை

செங்கல்பட்டு என்றதும் பலருக்கும் ஏரியும் ரயில் சந்திப்பும் நினைவுக்கு வரும். மாமல்லபுரம் என்றால் கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும். இந்த இரண்டு ஊர்களுக்கும் வரும் சுற்றுலாப் பயணிகளில் மிகச் சிலரே இன்னும் கொஞ்ச தூரம் மேற்கே போய் உத்திரமேரூரைப் பார்க்கிறார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் இப்போது காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தின் சுவர்களில் இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. பள்ளிக்கூடப் பாடப் புத்தகத்தில் "குடவோலை முறை" என்று நான்கு வரியில் படித்துவிட்டு மறந்துபோகிறோமே, அதன் மூலம் இவைதான்.

பாடப் புத்தகங்கள் பொதுவாக ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. கல்வெட்டு ஒன்றல்ல, இரண்டு. முதலாவது முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டில், அதாவது கி.பி. 919-இல் வெட்டப்பட்டது. இரண்டாவது அவனது 14-ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 921-இல். இரண்டும் ஒரே சபையின் தேர்தல் விதிகள். முதலில் ஒரு விதி செய்தார்கள், இரண்டே ஆண்டில் அதைத் திருத்தினார்கள். கல்லில் வெட்டிய சட்டத்தையே மாற்ற வேண்டி வந்தது என்றால் ஏதோ ஓர் இடத்தில் அது சரியாக வேலை செய்யவில்லை என்றுதானே அர்த்தம்? எங்கே என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

முதலில் ஊரைப் பற்றிக் கொஞ்சம். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது பல்லவர் காலத்தில் பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட பிரமதேய ஊர். இப்படிப்பட்ட ஊர்களை நிர்வகித்த அமைப்புக்குச் "சபை" என்று பெயர். மற்ற வேளாண் ஊர்களில் இருந்தது "ஊர்". வணிகர்கள் வாழ்ந்த பட்டினங்களில் "நகரம்". மாமல்லபுரத்தில் இருந்தது இந்த நகரம் வகை. முதலாம் இராஜராஜன் காலத்தில் மாமல்லபுரத்து நகரத்தார் தங்கள் நிலங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட ஏற்பாடு அங்கே கடற்கரைக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது. உத்திரமேரூர் சபை தன் வேலைகளை வாரியங்களாகப் பிரித்திருந்தது. ஏரியைப் பார்த்துக்கொள்ள ஏரி வாரியம், தோட்டங்களுக்குத் தோட்ட வாரியம், பொதுவான மேற்பார்வைக்குச் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), பொன்னைக் கவனிக்கப் பொன் வாரியம், பஞ்சவார வாரியம் என்று பல.

ஏரி வாரியம் என்பது பெயருக்கு இருந்த பதவி அல்ல. மழையை நம்பிய தொண்டை நாட்டில் ஏரிதான் உயிர். உத்திரமேரூர் ஏரிக்கு வயிரமேக தடாகம் என்று பெயர். அதில் தூர் வாருவதற்கு ஆண்டுதோறும் பணமும் ஆளும் வேண்டும். நன்கொடையாக வந்த பொன்னும் நெல்லும் வாரியத்தார் கையில்தான் போய்ச் சேர்ந்தன. பொதுப் பணம் எங்கே போகிறதோ அங்கேதான் தேர்தல் விதிகளும் முளைக்கும்!

919-ஆம் ஆண்டு விதியின் சாரம் இது. ஊரில் 30 குடும்புகள் (இன்றைய வார்டு போல). ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். தகுதிகள் என்ன? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 30-க்கு மேல் 60-க்குள். வேதத்திலும் சாஸ்திரத்திலும் தேர்ந்தவராக இருக்க வேண்டும். காரியத்தில் நிபுணராகவும் நேர்வழியில் சம்பாதித்த பொருள் உடையவராகவும் இருக்க வேண்டும். கடந்த மூன்று ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திருக்கக் கூடாது. வாரியம் செய்து விலகியவர்களுக்கு நெருங்கிய உறவினராகவும் இருக்கக் கூடாது. இந்த விதி வகுக்கப்பட்டபோது அரச ஆணையோடு தத்தனூர் மூவேந்த வேளான் என்ற அதிகாரி சபையில் உடனிருந்தார்.

இனி 921-இல் என்ன மாறியது என்று பார்ப்போம்.

வயது 35 முதல் 70 என்று மாறியது. கால் வேலி இல்லாமல் அரைக்கால் வேலி (வேலியில் எட்டில் ஒரு பங்கு) மட்டுமே இருந்தாலும், ஒரு வேதத்தில் வல்லவராகவும் நான்கு பாஷ்யங்களில் ஒன்றை விளக்கத் தெரிந்தவராகவும் இருந்தால் அவர் பெயரும் குடத்துக்குள் போகலாம் என்ற சலுகை சேர்ந்தது. இவையெல்லாம் எண்களில் செய்த மாற்றங்கள். உண்மையான திருத்தம் உறவினர் பற்றிய விதியில் இருக்கிறது.

முதல் விதி "நெருங்கிய உறவினர்" என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிட்டது. யார் நெருங்கியவர்? பெரியம்மா மகன் நெருக்கமா? மனைவியின் தம்பி? ஒவ்வொருவரும் தங்களுக்கு வசதியாக வாதாட இடமிருக்கிறது. இரண்டாவது விதி அந்த வாதத்திற்கே இடம் வைக்கவில்லை. சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், தாயுடன் பிறந்தவன், தகப்பனுடன் பிறந்தவன், தன்னுடன் பிறந்தவன், மாமனார், மனைவியுடன் பிறந்தவன், உடன்பிறந்தாளின் கணவன், அவளுடைய மக்கள், மருமகன், தகப்பன், மகன் என்று ஒரு கல்யாணப் பத்திரிகை போல உறவுமுறை முழுவதையும் அடுக்கிவிடுகிறது. ஆனால் இந்தப் பட்டியல் யாருடைய உறவினருக்கு? இங்கேதான் கவனிக்க வேண்டும். பதவி வகித்து விலகிய எல்லோருடைய உறவினருக்கும் அல்ல. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்களின் உறவினருக்கு.

ஏன் இப்படி மாற்றினார்கள் என்று கல்வெட்டு காரணம் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் ஓர் ஊகம் செய்யலாம். ஆண்டு வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6, ஆக 30. பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் ஆறு ஆறு பேர் சேர்த்தால் ஆண்டுக்கு 42. மூன்று ஆண்டுகளுக்கு ஒருவர் மறுபடி வரக் கூடாது என்றால், எந்த நேரத்திலும் நூற்றுக்கும் அதிகமான பேர் தகுதி இழந்து நிற்பார்கள். அவர்களின் நெருங்கிய உறவினரும் கூடாது என்றால்? தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஓர் ஊரில், நிலமும் வேதப் படிப்பும் உள்ள மிச்ச ஆள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? குடத்தில் போட ஓலையே கிடைத்திருக்காது! 60 வயது 70 ஆனதும், அரைக்கால் வேலிக்காரருக்குக் கதவு திறந்ததும் இந்த ஆள் பஞ்சத்தால் இருக்கலாம். ஆனால் கீழ் வயது 30-இலிருந்து 35 ஆனதை இந்த ஊகம் விளக்காது. இளைஞர்களை அவர்கள் நம்பவில்லை போலிருக்கிறது.

ஆக, விதி ஒரே சமயத்தில் இளகவும் செய்தது, இறுகவும் செய்தது. நேர்மையாகக் கணக்கை ஒப்படைத்தவரின் மருமகனுக்கு இனித் தடையில்லை. ஒப்படைக்காதவரின் குடும்பமே வெளியே. இது மிகவும் கெட்டிக்காரத்தனமான திருத்தம் என்றே சொல்ல வேண்டும். கணக்குக் காட்டச் சொல்லி ஊரார் கேட்பதற்கு முன்பே அவர் வீட்டு மருமகனும் மைத்துனனும் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள் அல்லவா?

தகுதியிழப்புப் பட்டியல் இதோடு முடியவில்லை. பஞ்சமாபாதகம் செய்தவர்கள், திருடியவர்கள், கள்ள ஆவணம் எழுதியவர்கள், ஊருக்கே முள்ளாக இருந்த "கிராம கண்டகர்", கழுதை மேல் ஏற்றப்பட்டவர்கள் எல்லோரும் உண்டு. இவர்களில் சிலர் பிராயச்சித்தம் செய்து சுத்தமானவர்களாக ஆகியிருந்தாலும் சாகும்வரை குடவோலையில் பெயர் வராது. பாவம் தீர்ந்தாலும் பதவி இல்லை!

குலுக்கல் நடக்கும் விதத்தையும் இரண்டாவது கல்வெட்டு நுணுக்கமாகச் சொல்கிறது. சிறியவர் முதல் பெரியவர் வரை மகாசபை முழுவதும் கூட வேண்டும். அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார் ஒருவர்கூட விடாமல் சபைக்கு வர வேண்டும். அவர்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். ஒரு குடும்பின் ஓலைக் கட்டை, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் எடுப்பான். அது வேறொரு குடத்தில் கொட்டிக் குலுக்கப்படும். அதிலிருந்து ஓர் ஓலையை அதே சிறுவன் எடுத்து மத்தியஸ்தர் கையில் தருவான். மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். வாங்கி வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை வாசிக்க வேண்டும். அதன் பிறகே பெயர் உறுதியாகும்.

"ஐந்து விரலையும் விரித்து" என்பதைச் சட்டமாக எழுதியிருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறொரு ஓலையை ஒளித்து வைத்து மாற்றும் வித்தை அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. தெரியாத தந்திரத்துக்கு யாரும் தடை எழுதுவதில்லை.

தேர்வானவர்களுக்கு 360 நாள் பதவி. நடுவில் குற்றம் செய்தது தெரிந்தால் அப்போதே நீக்கலாம்.

குடத்தில் ஓலை இடும் வழக்கம் இதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தமிழகத்தில் இருந்தது. அகநானூற்றின் 77-ஆம் பாடலில் அது உவமையாக வருகிறது. சபை விதிகளும் புதியவை அல்ல. பாண்டிய நாட்டில் திருநெல்வேலிக்கு அருகே மானூரில் சுமார் கி.பி. 800-ஐ ஒட்டிய கல்வெட்டில், சபையில் யார் பங்கேற்கலாம் என்ற விதிகள் உள்ளன. எந்தத் தீர்மானம் வந்தாலும் "இல்லை, இல்லை" என்று முட்டுக்கட்டை போடுபவருக்கு ஐந்து காசு தண்டம் என்றும் அதில் இருக்கிறது. (இன்றைய சட்டமன்றங்களில் இதை அமல்படுத்தினால் அரசின் நிதிப் பற்றாக்குறை தீர்ந்துவிடும்.)

வெளியுலகத்திலும் குலுக்கலை நம்பியவர்கள் உண்டு. பண்டைய ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் பேரவைக்கு 30 வயதைக் கடந்தவர்களைக் குலுக்கலில் எடுத்தார்கள். ஒருவர் வாழ்நாளில் இரண்டு முறைக்கு மேல் அதில் இருக்க முடியாது. பதவி முடிந்ததும் அதிகாரிகள் கணக்கு ஒப்படைக்க வேண்டும். வெனிஸ் நகரக் குடியரசில் 1268-இல் வந்த தேர்தல் முறையில் தலைவரைத் தேர்ந்தெடுக்கக் குலுக்கலும் வாக்களிப்பும் மாறி மாறிப் பல சுற்றுகள் நடந்தன. அங்கேயும் பந்துகளை எடுத்தது ஒரு சிறுவன்தான்! வெனிஸுக்கும் உத்திரமேரூருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பெரியவர்களின் கையை நம்பாதது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்று.

இந்தக் கல்வெட்டுகளை வி. வெங்கய்யா இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து வெளியிட்டார். பிறகு கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி விரிவாக எழுதினார். அதிலிருந்து உத்திரமேரூர் மேடைதோறும் ஏறிவிட்டது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பஞ்சாயத்துகள் பற்றிய விவாதத்தில் டி. பிரகாசம் இதைக் குறிப்பிட்டார். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் பேசினார்.

மேடையில் சொல்லப்படாதது ஒன்று உண்டு. இது ஊர் மக்கள் எல்லோருடைய ஜனநாயகம் அல்ல. நிலமும் வேதமும் உள்ள பிராமண ஆண்களின் சபை. அந்த நிலத்தில் உழுதவர்கள், ஏரியில் மண் சுமந்தவர்கள், பெண்கள் யாருடைய பெயரும் ஓலையில் ஏற வழியில்லை. 921-இன் திருத்தம் வயதைத் தொட்டது, நில அளவைத் தொட்டது, உறவைத் தொட்டது. இந்த எல்லையை மட்டும் தொடவில்லை. அங்கே பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் உள்ளாட்சியில் இடம் உறுதியானது 1992-இல் நிறைவேறிய 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தாலும், அதன்படி வந்த 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தாலும்தான். இதைச் சொல்வதால் கல்வெட்டின் மதிப்பு குறைந்துவிடாது. அதைப் பெருமைக்காக மட்டும் பயன்படுத்துபவர்களுக்குத்தான் சங்கடம்.

திருத்தத்தின் கடைசிப் பகுதி கணக்கு எழுதுபவர்களைப் பற்றியது. நேர்வழியில் பொருள் ஈட்டியவரே கணக்கு எழுத வேண்டும். தான் எழுதிய கணக்கைப் பெருங்குறிப் பெருமக்களிடம் காட்டி, சரி என்று ஒப்புதல் வாங்கிய பிறகே அவர் மறுபடி அந்த வேலைக்கு வர முடியும். தான் எழுதிய கணக்கைத் தானே காட்ட வேண்டும், வேறு ஒருவர் வந்து முடித்துக் கொடுக்கக் கூடாது. இந்த முறை சோழநாட்டிலிருந்து அரச ஆணையோடு வந்து உடனிருந்தவர் கரஞ்சை கொண்டய கிரமவித்த பட்டனாகிய சோமாசிபெருமாள். சபையார் பணிக்க இதையெல்லாம் எழுதியவர் காடாடிபோத்தன் சிவக்குறி இராஜமல்ல மங்கலப்பிரியன் என்ற மத்தியஸ்தர். கணக்கு எழுதுவது மத்தியஸ்தர்களின் வேலை. தன்னையும் கட்டுப்படுத்தும் அந்த விதியை அவரே எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார்.